செக் லைட், கரும்புகை, இழுவைக் குறைவு: டீசல் காரில் இஜிஆர் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

வண்டி பதிந்து வைத்திருக்கும் கோளாறு எண்ணை (எரர் கோடு) படிக்கும் ஸ்கேனரில் இஜிஆர் (வெளியேறும் புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பிவிடும் அமைப்பு) என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், வால்வைக் கழற்றிக் கையில் எடுத்துவிடுகிறோம். கழற்றினால் உள்ளே கரி இருக்கும். கரி இல்லாத இஜிஆர் வால்வு டீசல் வண்டியில் கிடையாது. ஆனால் அந்தக் கரியைப் பார்த்ததும் கோளாறு இதுதான் என்று முடிவாகிவிடுகிறது. சுத்தம் செய்து மாட்டி, எரர் கோடை அழித்து அனுப்பினால் நாலு நாளில் லைட் திரும்ப வரும். அடுத்து புது வால்வு. அதற்குப் பிறகும் லைட் எரிந்தால்தான் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவின் ஹோஸில், அடிப்பக்கத்தில் விரிசல் இருப்பது கண்ணில் படும்.

இங்கே அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறேன். வண்டி என்ன செய்கிறது என்பதில் தொடங்கி, ஸ்கேனரில் எண்ணைப் பார்த்து, ஸ்பேனரைக் கடைசியாக எடுப்பது. எடுத்துக்கொண்டிருப்பது நம் சாலைகளில் ஓடும், பிஎஸ்4, பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் வகை) டீசல் கார்களை. கணக்கு வரும் இடத்தில் 1248 சிசி, நான்கு சிலிண்டர் எஞ்சினை வைத்துச் சொல்கிறேன். ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று பல பெயர்களில் ஓடிய அதே 1.3 லிட்டர் ஃபியட் எஞ்சின்தான். உங்கள் வண்டி வேறு என்றால் எண் மாறும், முறை மாறாது.

வால்வு எப்போது திறந்திருக்கும்?

இது தெரியாமல் எந்த அறிகுறிக்கும் பொருள் சொல்ல முடியாது.

சிலிண்டருக்குள் வெப்பம் எல்லை மீறினால் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகும். அதைக் குறைக்க, வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப, காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கம் விடுகிறார்கள். புகையில் ஆக்சிஜன் குறைவு என்பதால் எரியும் வெப்பம் இறங்குகிறது. அவ்வளவுதான் இஜிஆரின் வேலை.

சூடான டீசல் எஞ்சின் ஐடிலிங்கில் இருக்கும்போதும், மிதமான வேகத்தில் பாரம் இல்லாமல் ஓடும்போதும் வால்வு திறந்திருக்கும். ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தால் மூடிக்கொள்ளும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது பெரும்பாலான வண்டிகளில் மூடியே இருக்கும். ஐடிலிங்கில் நெடுநேரம் நின்றால் சில நிமிடங்களில் இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) தானாகவே மூடிவிடும். சோதனை செய்யும்போது இதை மறந்தால், ‘வால்வு வேலை செய்யவில்லை’ என்று தவறாக எழுதிக் கொடுத்துவிடுவோம். ஒரு முறை ஆக்சிலேட்டரை மிதித்து விட்டால் பழையபடி திறக்கும்.

இதிலிருந்து ஒரு விஷயம் கிடைக்கிறது. வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டால் கிளப்பும்போதும் இழுக்கும்போதும் தொல்லை. மூடியபடி மாட்டிக்கொண்டால் டீசல் வண்டி ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது, லைட் மட்டும் எரியும். ‘லைட் வந்ததிலிருந்து வண்டி நல்லா இழுக்குதுங்க’ என்று சொல்கிறவர்களும் உண்டு. பொய் சொல்லவில்லை, அப்படித்தான் இருக்கும்.

எரர் கோடு உண்மையில் என்ன சொல்கிறது

இசியுவுக்குக் கண் கிடையாது. வால்வைத் திறக்கச் சொல்லி மின்சாரம் கொடுக்கிறது. திறந்து புகை உள்ளே போனால், அந்த அளவுக்குப் புதுக்காற்று குறைய வேண்டும். ஏர் ஃபில்டருக்கு அடுத்து உட்கார்ந்திருக்கும் மாஃப் சென்சார் சொல்லும் காற்றின் அளவு குறைந்ததா என்று பார்க்கிறது. பல டீசல் வண்டிகளில் பி0401 என்பதற்குப் பொருள் இவ்வளவுதான்: எதிர்பார்த்த அளவுக்குக் காற்று குறையவில்லை. பி0402 என்றால் தேவைக்கு மேல் குறைந்துவிட்டது. இரண்டிலும் வால்வு சந்தேகத்துக்குரியது, குற்றவாளி என்று இன்னும் ஆகவில்லை.

டர்போவுக்கும் இன்டேக்குக்கும் நடுவில் ஹோஸ் கிழிந்திருந்தால், அளந்து உள்ளே விட்ட காற்றில் ஒரு பகுதி வெளியே போய்விடும். எஞ்சினுக்குப் போனதைவிட அதிகமாக மாஃப் காட்டும், வால்வு நன்றாக இருந்தும் பி0401 வரும். மாஃபுக்கும் டர்போவுக்கும் நடுவில் ஓட்டை என்றால் இதற்கு நேர் எதிர்: அளக்காத காற்று உள்ளே நுழையும், மாஃப் குறைவாகக் காட்டும், பி0402 பக்கம் இழுக்கும். சென்சாரின் மேலேயே தூசியும் எண்ணெயும் படிந்திருந்தாலும் இதே கதைதான். எண்ணெய் தடவும் வகை ஏர் ஃபில்டரை ஆசைப்பட்டு மாட்டிய வண்டிகளில் இதை முதலில் பாருங்கள்.

பி0403, பி0405, பி0406 வந்தால் கதை வேறு. அவை மின்சாரப் பக்கம், ஒயரும் கனெக்டரும் சென்சாரும். கரியைச் சுரண்டி இவற்றைத் தீர்க்க முடியாது. பி0404 என்றால் வால்வு சொன்ன இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. கரியில் இறுகியிருக்கலாம், மோட்டார் தளர்ந்திருக்கலாம்.

எரர் கோடை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேமைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஆர்பிஎம், எஞ்சின் சூடு எவ்வளவு, பாரம் எவ்வளவு என்று கோளாறு பதிவான நொடி அதில் இருக்கும். அழித்துவிட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

ஸ்பேனர் எடுக்காமல் செய்யும் சோதனை

இந்த ஒரு சோதனை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்கேனரில் மாஃப் அளவை ‘ஒரு ஸ்ட்ரோக்குக்கு எத்தனை மில்லிகிராம்’ என்ற அலகில் திறந்து வையுங்கள்.

எவ்வளவு வரவேண்டும் என்பதை நாமே கணக்குப் போடலாம். 1248-ஐ 4-ஆல் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 312 சிசி. வெயில் ஊரில் ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.15 கிராம். ஆக, சிலிண்டர் முழுக்க நிரம்பினால் சுமார் 360 மில்லிகிராம். நடைமுறையில் முழுக்க நிரம்பாது, காற்றும் உள்ளே போகும்போது சூடாகும். எனவே வால்வு மூடியிருக்கும்போது ஐடிலிங்கில் 300 சொச்சம் வந்தால் சரி. மலிவு ஸ்கேனர் நொடிக்கு இத்தனை கிராம் என்று மட்டும் காட்டினாலும் கவலையில்லை. 800 ஆர்பிஎம்மில் நான்கு சிலிண்டரும் சேர்ந்து நிமிடத்துக்கு 1600 முறை காற்று இழுக்கும், நொடிக்கு 27 முறை. 310 மில்லிகிராம் வீதம் நொடிக்கு 8 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும்.

எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஏசியை அணைத்து, ஸ்கேனரின் ஆக்சுவேட்டர் டெஸ்டில் வால்வை முதலில் மூடச் சொல்லுங்கள், பிறகு திறக்கச் சொல்லுங்கள். மூடியபோது 310, திறந்தபோது 200 பக்கம் வந்து, எஞ்சின் ஒலி கொஞ்சம் மந்தமானால் வால்வு, குழாய், புகையைக் குளிர்விக்கும் கூலர், மாஃப் நான்கும் ஒரே அடியில் தேறிவிட்டன. கோளாறை வேறு இடத்தில் தேடுங்கள்.

மூடினாலும் திறந்தாலும் 310-லேயே நின்றால் புகை உள்ளே போகவில்லை. வால்வு மூடியபடி மாட்டியிருக்க வேண்டும், அல்லது வழி கரியால் அடைந்திருக்க வேண்டும். ஸ்கேனரில் வால்வின் நிலை 0-விலிருந்து 90 சதவீதத்துக்குப் போய், காற்று மட்டும் அசையவில்லை என்றால் வால்வைக் குறை சொல்லாதீர்கள். அடைப்பு கூலரிலோ, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டின் வாயிலோ இருக்கிறது.

மூடச் சொல்லியும் 220-தான் வருகிறது என்பதில்தான் பலர் வழுக்குவார்கள். வால்வு முழுக்க மூடாமல் புகை கசிந்தாலும் 220 வரும், மாஃப் அழுக்காகிக் குறைத்துச் சொன்னாலும் 220 வரும். பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. வால்வு பக்கக் குழாயின் ஜாயின்ட்டில் மெல்லிய எஃகுத் தகடு ஒன்றைச் சோதனைக்காக மட்டும் வைத்து வழியை மூடுங்கள். அளவு 310-க்கு ஏறினால் கசிந்தது வால்வு. ஏறவில்லை என்றால் மாஃபைப் பாருங்கள், அதற்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள குழாயைப் பாருங்கள்.

ஊட்டியில் இருப்பவர்கள் இந்த எண்களை அப்படியே எடுக்கக் கூடாது. 2240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் 77 கிலோபாஸ்கல் அளவில்தான் இருக்கும், சென்னையில் 101. குளிரால் காற்று கொஞ்சம் அடர்த்தியானாலும், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தானாகவே குறைந்துவிடும்.

லைட் மட்டும் எரிகிறது, வண்டி நன்றாக ஓடுகிறது

பெரும்பாலும் பி0401. மேலே சொன்ன சோதனையைச் செய்தாலே விடை வந்துவிடும். வேக்கத்தில் (காற்றை உறிஞ்சும் விசையில்) இயங்கும் பழைய வகை வால்வு என்றால் அதற்கு முன் வேக்கம் வரும் ஹோஸைப் பாருங்கள். எஞ்சின் சூட்டில் ரப்பர் வெந்து, நுனியில் வெடித்திருக்கும். வெடித்த நுனியை அரை அங்குலம் வெட்டிவிட்டுத் திரும்பச் சொருகினால் தீர்ந்த வண்டிகள் எத்தனையோ. ஹோஸ் சரி என்றால் கை பம்ப்பால் வால்வுக்கு நேராக வேக்கம் கொடுத்துப் பாருங்கள். சூடான ஐடிலிங்கில் எஞ்சின் தடுமாற வேண்டும், கொடுத்த வேக்கம் ஒரு நிமிடமாவது இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் வால்வுக்குள் இருக்கும் சவ்வு (டயஃப்ரம்) கிழிந்துவிட்டது.

புகைப் பரிசோதனை மையத்தில் தேறிவிட்டதே என்று வாதாடுபவர்கள் உண்டு. அங்கே டீசல் வண்டிக்கு அளப்பது புகையின் கருமையை மட்டும்தான், பிஎஸ்4 என்றால் 50 ஹெச்எஸ்யு (அந்தக் கருமையின் அலகு) வரை. நைட்ரஜன் ஆக்சைடை அங்கே யாரும் அளப்பதில்லை. மூடிக்கிடக்கும் இஜிஆர் அந்தச் சோதனையில் மாட்டாது, சொல்லப்போனால் இன்னும் நன்றாகவே தேறும்.

சிக்னலில் நடுங்குகிறது, ஆஃப் ஆகிறது, காலையில் கிளம்ப அடம்பிடிக்கிறது

‘அண்ணே, காலைல தெரு முக்கு தாண்டுறதுக்குள்ள ரெண்டு வாட்டி ஆஃப் ஆயிருது. சூடாயிட்டா ஒண்ணும் இல்லண்ணே.’ கால் டாக்சி ஓட்டும் தம்பிகள் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்தால் வால்வு திறந்தபடி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். குளிர்ந்த சிலிண்டருக்குள் புகை போனால் டீசல் பற்றிக்கொள்ளத் திணறும். சூடான பிறகு ஐடிலிங்கில் எப்படியும் வால்வு திறந்துதான் இருக்கும் என்பதால் கோளாறு மறைந்துகொள்கிறது.

சோதனை எளிது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் கிளப்பி ஒரு நிமிடம் கழித்து, வால்வுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் நடுவிலுள்ள குழாயின் சூட்டை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள். வால்வு மூடியிருந்தால் அந்தக் குழாய் சுற்றியுள்ள உலோகத்தைப் போலவே சில்லென்று இருக்கும். மூடச் சொன்ன நிலையிலும் அது மட்டும் மளமளவென்று சூடேறினால் புகை கசிகிறது.

வால்வு குறை இல்லை என்றால் அடுத்த சந்தேகம் இன்டேக் த்ராட்டில் ஃப்ளாப். டீசலில் எதற்கு த்ராட்டில் என்று கேட்கலாம். இஜிஆர் புகையை உள்ளே இழுக்க அழுத்த வித்தியாசம் உண்டாக்கவும், எஞ்சினை அணைக்கும்போது காற்றை அடைத்துக் குலுங்காமல் நிறுத்தவும் பல வண்டிகளில் இருக்கிறது. இது மூடியபடி மாட்டினால் வண்டி கிளம்பாது. திறந்தபடி மாட்டினால் சாவியைத் திருப்பி அணைக்கும்போது எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி நிற்கும். அந்தக் குலுக்கல் புதிதாக வந்ததா என்று ஓட்டுபவரிடம் கேளுங்கள். ஸ்கேனர் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார்.

பேட்டரி, கிளப்பும்போது சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக், டீசல் ஃபில்டரில் காற்று நுழைவது, இந்த மூன்றும் காலை நேர அடத்துக்குப் பழைய காரணங்கள். இஜிஆர் எரர் கோடு எதுவும் இல்லை என்றால் அவற்றிலிருந்தே தொடங்குங்கள்.

கரும்புகை தள்ளுகிறது, பிக்கப் இல்லை

கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்று பொருள். அந்தக் காற்று எங்கே போனது என்பதுதான் கேள்வி, இஜிஆர் அதற்கு ஒரு பதில் மட்டுமே. மேம்பாலம் ஏறும்போது இரண்டாவது கியருக்கு இறக்கினாலும் முக்குகிறது, பின்னால் வருபவர் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார் என்ற நிலையில் நான்கு பேரை வரிசையில் நிறுத்தலாம்: ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், இஜிஆர், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்.

ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதைப் பார்க்காமல் ஸ்கேனர் எடுப்பதில் அர்த்தமில்லை. அடுத்து ஹோஸ்கள். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் குழாய்களின் ஜாயின்ட்டில் லேசான எண்ணெய்ப் பூச்சு இருப்பது சகஜம். ஒரு இடத்தில் மட்டும் எண்ணெய் சொட்டி, அதன் மேல் புழுதி அப்பியிருந்தால் அங்கே காற்று போகிறது. ஹோஸின் மேல்பக்கம் பளபளவென்று இருக்கும், விரிசல் அடிப்பக்கத்தில் இருக்கும். கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள்.

இவை தேறினால் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆளில்லாத சாலையில், பக்கத்தில் ஒருவர் ஸ்கேனரைப் பார்க்க, மூன்றாவது கியரில் 1500 ஆர்பிஎம்மிலிருந்து முழுக்க மிதியுங்கள். பார்க்க வேண்டியது மூன்று: இசியு கேட்ட பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்), கிடைத்த பூஸ்ட், மாஃப் அளவு.

பூஸ்டும் குறைவு, மாஃபும் குறைவு என்றால் வால்வு மூடவில்லை என்ற சந்தேகம் வலுக்கிறது. டர்போவைச் சுற்ற வேண்டிய புகையில் ஒரு பங்கு குறுக்கு வழியில் இன்டேக்குக்குத் தப்பிவிடுகிறது. டர்போவும் சுழலாது, புதுக்காற்றும் வராது. பூஸ்ட் குறைவு ஆனால் மாஃப் தாராளமாகக் காட்டுகிறது என்றால், காற்று வந்தும் வழியில் ஒழுகுகிறது. ஹோஸையும் இன்டர்கூலரையும் திரும்பப் பாருங்கள். இரண்டுமே சரியாக இருந்து புகை மட்டும் வருகிறது, கூடவே டக் டக் என்று சத்தம் என்றால் இன்ஜெக்டர் பக்கம் போக வேண்டியதுதான். டர்போவே தேய்ந்திருந்தாலும், அதற்குள் புகையைத் திருப்பிவிடும் தகடுகள் (வேன்) இறுகியிருந்தாலும் முதலாவது நிலை மாதிரியேதான் தெரியும். அதனால் டர்போவைக் கழற்றுவதற்கு முன் சோதனைத் தகடு வைத்து இதே ஓட்டத்தை இன்னொரு முறை ஓட்டுங்கள். தகடு வைத்ததும் பூஸ்ட் ஏறினால் டர்போவின் விலை மிச்சம்.

சீராக ஓட்டும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது

நாற்பது, ஐம்பது வேகத்தில், 1500-லிருந்து 2000 ஆர்பிஎம்முக்குள், மிதியை ஒரே அளவில் பிடித்திருக்கும்போது வண்டி தானாகக் கொஞ்சம் முன்னே போவதும் பின்வாங்குவதுமாக இருக்கும். அழுத்தி மிதித்தால் போய்விடும். வால்வு முழுக்க மாட்டவில்லை, ஒட்டி ஒட்டி நகர்கிறது. இசியு 30 சதவீதம் கேட்கிறது, வால்வு 20-லேயே நின்றுவிட்டு ஒரேயடியாக 45-க்குத் தாவுகிறது. ஸ்கேனரில் கேட்ட நிலை, கிடைத்த நிலை இரண்டையும் கிராஃபாகப் போட்டுப் பார்த்தால் ஒரு கோடு சரிவாக ஏறும், மற்றது படிக்கட்டாக ஏறும்.

ஸ்கேனர் இல்லாதவர்கள் வால்வின் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். வெட்டல் போய்விட்டால் கோளாறு இஜிஆர் பக்கம்தான். ஆனால் வெட்டல் போகவில்லை என்பதை வைத்து இஜிஆர் நல்லது என்று சொல்லிவிட முடியாது. மின்சாரம் இல்லாதபோது ஸ்பிரிங்தான் வால்வை மூட வேண்டும், கரியில் இறுகிய வால்வை அந்த ஸ்பிரிங்கால் மூட முடியாது. பிஎஸ்6 வண்டியில் இப்படிப் பிடுங்கிப் போட்டு ஊர் சுற்ற வேண்டாம். காரணம் அடுத்து வருகிறது.

டிபிஎஃப் அடிக்கடி நிரம்புகிறது

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் கார் என்றால் சைலன்ஸர் வழியில் டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர்) இருக்கும். இஜிஆர் தேவைக்கு மேல் திறந்திருந்தால் கரி அதிகம் உண்டாகும், ஃபில்டர் சீக்கிரம் நிரம்பும், பிடித்த கரியை எரித்துத் தீர்க்கும் ரீஜெனரேஷன் அடிக்கடி ஓடும். அதற்காகக் கூடுதலாகத் தெளிக்கும் டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையாமல் ஏறியிருந்தால் இதை நினைத்துப் பாருங்கள்.

இஜிஆர் எரர் கோடு நிலுவையில் இருக்கும்போது பல வண்டிகளில் இசியு ரீஜெனரேஷனையே அனுமதிக்காது. டிபிஎஃப்பைக் கழற்றிக் கழுவக் கொடுப்பதற்கு முன் இஜிஆரைச் சரி செய்யுங்கள். வரிசை மாறினால் இரட்டைச் செலவு.

கூலன்ட் குறைகிறது, வெளியே ஒழுகல் இல்லை

மேலே சொன்ன எதையும்விட இதைத்தான் தள்ளிப்போடக் கூடாது. புகையைக் குளிர்வித்து அனுப்பும் இஜிஆர் கூலருக்குள் ஒரு பக்கம் புகை, மறுபக்கம் கூலன்ட். நடுச்சுவர் வெடித்தால் கூலன்ட் புகை வழிக்குள் கசியும். ரிசர்வ் டேங்க்கில் அளவு மெதுவாக இறங்கும், காலையில் கிளப்பியதும் வெள்ளைப் புகையும் லேசான இனிப்பு வாடையும் வரும். கசிவு பெரிதானால் நிற்கும் வண்டியின் சிலிண்டருக்குள்ளேயே நீர் சேர்ந்து, கிளப்பும்போது கனெக்டிங் ராடு வளையக்கூடும். 2018-இல் தென்கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்களே, அதற்குக் காரணம் இந்தக் கூலர் கசிவுதான். கசிந்த கூலன்ட்டும் கரியும் சேர்ந்து படிந்து, சூடான புகை பட்டுக் கனன்று, பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டு வரை போனது.

சிக்கல் என்னவென்றால், இந்த அறிகுறிகள் அப்படியே ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களின் மேல் மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போனதற்கும் பொருந்தும். ஹெட்டை இறக்கச் செலவு அதிகம், எனவே கூலரை முதலில் தீர்த்துவிடுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் பிரஷர் டெஸ்டரில் 1 பார் அழுத்தம் ஏற்றிச் சில மணி நேரம் விட்டுவிட்டு, இஜிஆர் குழாயைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். கரி காய்ந்திருக்க வேண்டிய இடத்தில் ஈரம் இருந்தாலோ, கழுவிவிட்டது போல உலோகம் பளிச்சென்று தெரிந்தாலோ கூலர்தான். கூலரைச் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

பெட்ரோல் வண்டியில்

எல்லா பெட்ரோல் காரிலும் தனி இஜிஆர் வால்வு இல்லை. மாருதியின் கே12என் டூயல்ஜெட் போன்ற சிலவற்றில் உண்டு. அங்கே ஐடிலிங்கில் வால்வு மூடியிருக்க வேண்டும், டீசலுக்கு நேர் எதிர். திறந்தபடி மாட்டினால் ஐடிலிங்கில் மிஸ்ஸிங் அடித்து ஆஃப் ஆகும். மூடியபடி மாட்டினால் மிதமாக மிதித்து ஓட்டும்போது நாக்கிங் (எஞ்சினுக்குள் தட்டுவது போன்ற சத்தம்) வரலாம், மைலேஜ் கொஞ்சம் இறங்கலாம்.

கழற்ற வேண்டும் என்று முடிவானால்

மின்சாரப் பக்கத்தை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். மோட்டார் வகை வால்வில் பெரும்பாலும் ஐந்து பின்: இரண்டு மோட்டாருக்கு, மூன்று சென்சாருக்கு. கனெக்டரைக் கழற்றிச் சாவியை ஆன் செய்தால் ஒயர் பக்கம் ஒரு பின்னில் 5 வோல்ட், ஒன்றில் எர்த் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் வால்வுக்கு வேலையே இல்லை, ஒயரைத் தேடுங்கள். எஞ்சின் அசைவில் ஒயர் எங்கே உரசுகிறதோ அங்கே இருக்கும். மோட்டார் பின்களுக்கு இடையே சில ஓம் காட்ட வேண்டும்; எதுவுமே காட்டவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது.

கழற்றியதும் சுத்தம் செய்யப் பாயாமல் கரியை ஒரு நிமிடம் பாருங்கள். தோசைக்கல் ஓரத்துக் கரி போலக் காய்ந்து, நகத்தால் சுரண்டினால் செதிலாக வந்தால் அது வயதின் கரி. குறுகிய தூர ஓட்டமும், ஏசி போட்டு வண்டியை நிறுத்தித் தூங்குவதும் சேர்ந்து செய்த வேலை. விரலில் ஒட்டிக்கொண்டு பிசினாக இழுத்தால் எண்ணெய் கலந்திருக்கிறது. எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதர் வழியாகவோ டர்போ சீல் வழியாகவோ ஆயில் வருகிறது, அதை விட்டுவிட்டு வால்வை மட்டும் துடைத்தால் சீக்கிரமே திரும்ப வரும். வெள்ளையாகப் பொருக்கு படிந்திருந்தால் கூலரைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் படியுங்கள்.

சுத்தம் செய்யும்போது மோட்டார் பகுதி மேலே இருக்கட்டும், கார்ப் கிளீனர் தண்டு வழியே மோட்டாருக்குள் இறங்கக் கூடாது. நைலான் பிரஷ் போதும். ஸ்க்ரூ டிரைவரால் வால்வை நெம்பித் திறக்காதீர்கள், பல வால்வுகளுக்குள் பிளாஸ்டிக் பல்சக்கரம்தான். முழு வால்வையும் டீசலில் ஊறப்போடும் பழக்கம் வேக்கம் வகை வால்வின் காலத்தோடு போகட்டும். சுத்தமான பிறகு, மூடியிருக்கும் வால்வு பொருந்தி உட்காரும் இடத்தின் மேல் கொஞ்சம் டீசல் ஊற்றிப் பாருங்கள், நின்றால் நன்று, ஒழுகினால் எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. புதுசு வாங்குங்கள். மேனிஃபோல்டின் வாயையும் பார்க்க மறக்காதீர்கள். இரண்டு விரல் போக வேண்டிய துளை பென்சில் பருமனுக்குச் சுருங்கியிருக்கும். அங்கே சுரண்டும் கரி எஞ்சினுக்குள் விழாமல் வேக்கம் கிளீனரால் உறிஞ்சிக்கொண்டே சுரண்டுங்கள். கேஸ்கெட் புதிதாகப் போடுங்கள்.

தகடு வைத்து நிரந்தரமாக அடைத்துவிடலாமே என்று கேட்பார்கள். பி0401 லைட் எரியும், அதை மறைக்க இசியு மென்பொருளில் கை வைக்க வேண்டிவரும், பிஎஸ்6-இல் டிபிஎஃப் கணக்கே கெடும். காற்று மாசு விதிகளை மீறி வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(2)-இன் கீழ், 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சோதனைக்கு வைத்த தகட்டையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். கூல்டிரிங்ஸ் டின்னை வெட்டி வைப்பது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதற்கு வெகு முன்பே இளகும். கூலருக்கு முன்னால் வரும் புகைக்கு அதைத் தின்ன நேரம் ஆகாது, தின்றதில் துண்டு எஞ்சினுக்குள் போகும்.

மாட்டிய பிறகு சாவியை ஆன் செய்து, அணைத்து, காது கொடுத்துக் கேளுங்கள். பல வண்டிகளில் அணைத்த சில நொடியில் வால்வு ஒரு முறை முழுக்கத் திறந்து மூடித் தன் எல்லையைக் கற்றுக்கொள்ளும், விர்ர் என்று சன்னமான சத்தம் வரும். புது வால்வு போட்டிருந்தால் ஸ்கேனரில் ரீலேர்ன் கொடுக்க வேண்டியிருக்கும். பிறகு அதே ஆக்சுவேட்டர் டெஸ்டைச் செய்து, மூடிய எண், திறந்த எண் இரண்டையும் பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை யார் பார்த்தாலும் உதவும்.

எரர் கோடை அழித்ததும் லைட் அணைந்துவிடும். அதை வைத்து வேலை முடிந்தது என்று சொல்ல முடியாது, அழித்தவுடன் இசியு தன் சோதனைகளை முதலிலிருந்து தொடங்குகிறது. ஊருக்குள் கொஞ்சம், பைபாஸில் ஒரே வேகத்தில் கொஞ்சம் ஓட்டிவிட்டு வந்து, ஸ்கேனரின் ரெடினெஸ் பக்கத்தில் இஜிஆர் மானிட்டர் ‘கம்ப்ளீட்’ என்று மாறியிருக்கிறதா பாருங்கள். ‘இன்கம்ப்ளீட்’ என்றால் இசியு இன்னும் சோதிக்கவே இல்லை, சாவியை ஒப்படைக்க வேண்டாம்.